பிட்டவல விளிம்பில் எடுக்க நினைத்த படம்

காலை ஆறரைக்கு மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஆட்டோ பேசினோம். பிட்டவல பத்தனை என்ற மலைப் புல்வெளிக்குப் போய்த் திரும்ப ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் சிவராஜா, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். என்னோடு வந்தவள் மகள் அபிநயா, வயது இருபது. மருத்துவபீடத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அந்த மகிழ்ச்சிக்காகத்தான் வெள்ளவத்தையிலிருந்து இந்தப் பயணம்.

ஆனால் எனக்குள் ஒரு கவலை இருந்தது. அவள் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது தன் முகத்தைப் படம் எடுப்பாள். லைக் குறைந்தால் அன்று சாப்பாடு இறங்காது. தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வாழ்க்கையில் வேறு எதில் பிடிப்பு வரும், நாளைக்கு நோயாளியின் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்று நித்திரை கெட்டிருக்கிறேன்.

ஏழு மணி. பன்னிரண்டு கிலோமீற்றர் தாண்டி ரத்தோட்டையில் பிளேன்டீ குடித்தோம். அபிநயா கோப்பையோடு ஒரு படம் எடுத்தாள்.

"ஆறிடும் தங்கச்சி. டீக்கு முகம் காட்டுனது போதும், வாயையும் காட்டுங்க" என்றார் சிவராஜா. அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

அதன்பிறகு ஏற்றம். மிளகுக் கொடிகள் பின்தங்கின, தேயிலை வந்தது, பிறகு காடு. காடு தொடங்குமிடத்தில் சிவராஜா வண்டியை நிறுத்தி, ஒரு பச்சைக் கொப்பை முறித்து வீதியோர மரமொன்றில் கொழுவினார். அங்கே ஏற்கெனவே நூற்றுக்கணக்கான கொப்புகள், காய்ந்தும் காயாமலும் தொங்கின.

"காட்டுக்குள்ள போறவங்க கட்டுறது மேடம். நாங்க ஐயனார்னு கட்டுறோம், சிங்களவங்க ஐயநாயக்கன்னு கட்டுறாங்க. நல்லபடியா திரும்பி வரணும்னு."

நானும் ஒரு கொப்பு கொழுவினேன். கொழுவியதும் அபிநயாவை அதற்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். 'எங்கள் டொக்டர், காட்டுத் தெய்வத்தின் முன்னால்' என்று குடும்பக் குழுவில் போடுவதற்கான வரியும் மனதில் தயாராகிவிட்டது.

எட்டரைக்கு ரிவர்ஸ்டன் கணவாய். மலையை வெட்டிய அந்த இடைவெளியில் காற்று ஆட்டோவையே ஒரு பக்கமாகத் தள்ளியது. இறங்கி நின்றேன். பேச வாய் திறந்தால் சொல் வெளியே வருவதற்குள் காற்று கொண்டுபோய்விட்டது. அபிநயா போனை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒன்பதரைக்குப் பிட்டவல பத்தனை. நுழைவுச்சீட்டு வாங்கி, ஈரமான புல்வெளியில் முக்கால் கிலோமீற்றர் நடந்தோம். சிவராஜாவும் கூட வந்தார். புல்வெளி திடீரென்று முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வெள்ளை மூடுபனி மட்டும்.

"எடுத்தது காணும் அம்மா, எனக்கு இனிப் படம் வேண்டாம்" என்றாள் அபிநயா.

"ஒண்டே ஒண்டு. பெரியம்மா ஆக்கள் கேப்பினம். அங்கால நில்லு." பனி கொஞ்சம் விலகி எதிர்மலை தெரிந்தது. திரையில் அவள் தலை அதன் உச்சியை மறைத்தது. "இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போ பிள்ளை. மலை மறையுது."

அவள் சொன்னபடி பின்னால் ஓர் அடி வைத்தாள். திரையில் அவள் சட்டென்று குள்ளமானாள். என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவராஜா பாய்ந்து அவள் கைப்பையின் வாரையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்துப் புல்லில் போட்டார். வலக்கால் செருப்பு விளிம்புக்கு அப்பால் போயிற்று. அது விழுந்த சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை.

"சின்னப் புள்ளைகிட்ட இப்பிடியா மேடம் சொல்வாங்க" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

மூவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். நெடுநேரம் கழித்துப் பனி முழுவதும் கலைந்தது. கீழே, நினைக்கவே முடியாத ஆழத்தில், தெல்கமு ஓயா என்ற ஆறு நூல்போல ஓடியது. படிப்படியாக வயல்கள். அவற்றுக்கு மேலே நாங்கள் இருந்த உயரத்துக்குக் கீழாக ஒரு பருந்து வட்டமிட்டது. இவ்வளவும் எங்களுக்காகத் திறக்கவில்லை. நாங்கள் இல்லாவிட்டாலும் இப்படித்தான் திறந்திருக்கும். அந்த எண்ணம் என்னைச் சிறுமைப்படுத்தவில்லை. தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்ததுபோல இருந்தது.

அபிநயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் என்னைப் பார்க்கேல்லை அம்மா. என்ர படத்தைத்தான் பாத்தனீங்கள்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து அவளுடைய புள்ளிகள், பரிசுகள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டியது நான். காட்டினால்தான் நான் யாரோ ஒருத்தி என்று எனக்குத் தோன்றியது. பாராட்டு வராத நாட்களில் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளை அதை எங்கே பழகினாள் என்று இத்தனை நாள் வெளியில் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது சிவராஜா தன் செருப்பை அபிநயாவுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார். "ஒத்தச் செருப்ப வீசிறாதீங்க தங்கச்சி. டொக்டரானதும் ஆஸ்பத்திரியில மாட்டி வைங்க" என்றார்.

காட்டு முகப்பில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். காலையில் நான் கொழுவிய கொப்பைத் தேடினேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கொழுவியிருந்தார்கள். எல்லாம் ஒரே பச்சை.

"என்ன மேடம் தேடுறீங்க?"

"நான் கட்டினது எதெண்டு தெரியேல்லை."

"எதுவா இருந்தா என்னங்க. ஆளு திரும்பி வந்தாச்சே."

ரத்தோட்டையை நெருங்கியதும் சிக்னல் கிடைத்து, போன் தொடர்ந்து அதிரத் தொடங்கியது. அக்காவும் மச்சாளும் படம் கேட்டு எழுதியிருந்தார்கள். 'பத்திரமாக இருக்கிறோம்' என்று மட்டும் அனுப்பிவிட்டு, பக்கத்தில் திரும்பினேன். அபிநயா தூங்கிப்போயிருந்தாள். நெற்றியில் கொஞ்சம் சேறு காய்ந்திருந்தது. மாத்தளை வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.