மூஞ்சி தெரியுதா, நைனா?

சமுதாயக் கூடத்தில் போனும் கம்ப்யூட்டரும் சொல்லித்தருகிற வேலையில் ஆளுக்கொரு போன் இருக்கும், ஆளுக்கொரு சார்ஜர் இருக்காது. இந்த வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சத்தம்

எனக்குக் குரல் சின்னது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை பக்கத்தில் எங்கள் கூடம். முதல் நாள், காலை ஷிப்ட் முடித்த கையோடு கம்பெனிச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வீடியோ எடுப்பது, எடுத்ததை வெட்டி ஒட்டுவது, வீடியோ கால் பேசுவது எல்லாம் பார்க்கப்போகிறோம் என்று ஆரம்பித்தேன். ஃபேன் சத்தத்தில் என் பேச்சு முதல் வரிசையைத் தாண்டவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற குணா கடைசி வரிசையில் எழுந்து நின்று, மரியாதையாகத்தான் கேட்டார்:

“சார், போன் அப்பால பாத்துக்கலாம். உனுக்கு சத்தம் கூட்ற பட்டன் எங்க கீது, அத்த மொதல்ல காட்டு.”

ஷிப்ட் மாறிய வாரம்

அந்த வாரம் வீடியோ எடுக்கப் பழகினார்கள். அடுத்த வாரம் வெட்டி ஒட்டுவது. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அத்தனை பேருக்கும் ஷிப்ட் மாறிவிட்டது. குணாவின் ஃபோர்க்லிஃப்ட் பின்னாலேயே போகிற நீளமான வீடியோ ஒன்று அவர் போனில் இன்னும் வெட்டப்படாமல் கிடக்கும்.

வந்தது எஸ்தர் அக்கா மட்டும். கம்பெனி கேன்டீனில் சமையல். எப்போதும் பகல் வேலை. மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு இவர் ஏசிய ஏச்சோடு பேச்சு நின்றது. இப்போது குழந்தை பிறந்திருக்கிறது. அதுவும் யாரோ சொல்லித்தான் தெரியும். அந்தக் குழந்தையைப் பார்க்க வீடியோ கால் பழக வந்திருந்தார். ஒருத்தருக்காக எதற்கு, அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று இழுத்தேன்.

“நான் ஒருத்தி குந்திக்கினு கீறனே நைனா, என்னிய பாத்தா ஆளாட்டம் தெரிலியா?”

எதிர்முனை

வீடியோ கால் பழக எதிர்முனையில் ஒரு ஆள் வேண்டும். அக்காவுக்கு வேறு யாரும் இல்லாததால் என் நம்பரைக் கொடுத்தேன். வாடகை அறையில் நான் பார்சல் இட்லியைப் பிரிக்கிற நேரத்துக்கு அடிப்பார். முதலில் ஃபேன் தெரியும், அப்புறம் நெற்றி, அப்புறம் மூக்குக்கு அடிப்பக்கம். மூஞ்சி தெரியுதா நைனா என்பார். நேராகப் பிடிங்க அக்கா என்பேன். நேரானதும் வைத்துவிடுவார். அவருக்கு அது பாடம். நான் அதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் வைக்காமல் உற்றுப் பார்த்தார்.

“இன்னா நைனா, பின்னாடி ஒரு தலையும் காணோம். டெய்லி தனியா குந்திக்கினா துன்ற?”

நீல டிக்

மகளுக்கு அடித்த அன்று என்னைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். ரிங் போய் நின்றது. மறுபடியும் அப்படியே. வீடியோ எடுத்து அனுப்பலாமே அக்கா என்றேன். போனை நேராகத்தான் பிடித்தார், இரண்டு தடவை எடுத்து இரண்டையும் அழித்தார். கடைசியில், அன்றைக்குப் பேசியது தப்பு, புள்ளையை ஒரு தபா காட்டு என்று மட்டும் சொன்னார். அனுப்பினோம். மகள் பார்த்துவிட்டதற்கு நீல டிக் விழுந்தது. வேறொன்றும் வரவில்லை.

அடுத்த வகுப்பின் நடுவில் அவர் போன் அடித்தது. எடுத்ததும் திரை முழுக்க ஒரு குழந்தையின் கன்னம். அக்கா வாசலுக்கு ஓடினார். நான் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு வகுப்புக்கு வருவது நின்றது. சாயங்காலங்களில் என் போன் சும்மா கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் பார்த்தபோது, வெட்டி ஒட்டுகிற பாடம் பாக்கி இருக்கிறதே அக்கா என்று கேட்டும் பார்த்தேன். சிரித்தார்.

“பேத்தி மூஞ்சிய பாத்துட்டேன் நைனா. அதுக்கு மேல இன்னாத்த கத்துக்கறது?”

ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் ஒருவரும் திரும்பி வராத இந்த வேலையில், நான் கொஞ்சம் மோசமாகச் சொல்லித்தரப் பழகியிருக்கலாமோ என்று சில சாயங்காலங்களில் தோன்றுவதை நீங்களாவது தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள்.