இரவல் எண்பது

ஹம்சாவின் கை சும்மா இருக்காது. மெட்டுகுடாவில் மூன்று தலைமுறையாக இருக்கும் ரயில்வே குடும்பம் அவளுடையது. ஆணி அடித்து வைத்தாலும் இவள் ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்று அவள் அம்மாவே சொல்வாள். பேனா கிடைத்தால் மூடியைக் கழற்றுவாள், வயர் கிடைத்தால் முறுக்குவாள். அப்படிப்பட்டவளுக்கு மல்லாபூரில் ஆண்டெனா செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பாதி நாள் கையைக் கட்டிக்கொண்டு அளக்கும் கருவியின் திரையையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டிய வேலை. ஆளைப் பார்த்துத்தான் ஆண்டவன் வேலை கொடுக்கிறான் என்று எவர் சொன்னாரோ, அவர் ஹம்சாவைப் பார்த்ததில்லை.

அவள் கடைசியாக வடிவமைத்தது, தொழிலாளர்களின் ஹெல்மெட்டில் ஒட்டும் தீப்பெட்டி அளவு டேக் ஒன்றுக்கான ஆண்டெனா. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி நெருங்கும்போது டேக் அனுப்பும் அலையைப் பிடித்து, வண்டி தானாக வேகத்தைக் குறைக்கும். அல்ட்ரா வைட்பேண்ட் என்பதால் ஏதோ ஓர் அலைவரிசையில் மட்டும் நன்றாக இருந்தால் போதாது, அகலமான பட்டை முழுக்க நன்றாக இருக்கவேண்டும். ஊட்டிய சக்தியில் எத்தனை பங்கு அலையாகக் காற்றில் போகிறது என்பதுதான் ஆண்டெனாவின் திறன். மீதி உள்ளேயே சூடாகி வீணாகும். அதை அளக்க, உலோகச் சுவர் வைத்த அறைக்குள் ஆண்டெனாவைக் கேபிளில் மாட்டிவைத்து, பெரிய தகடு ஒன்றைச் சுழலவிட்டு, அலைகளைக் கலக்கிச் சராசரி எடுப்பார்கள்.

ஹம்சாவின் ஆண்டெனா பட்டை முழுக்க எண்பது சதவீதம் காட்டியது. முதலாளி சுதர்சன் எல்லோருக்கும் சாய் வாங்கிக் கொடுத்து, டேக் கேட்ட தொழிற்சாலைக்கு அன்றே அறிக்கையை அனுப்பினார். பின்னாலேயே டேக்குகளும் போயின. அந்தத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருப்பவன் அவளுடைய தம்பி வேணுகோபால்.

அதோடு விட்டிருக்கலாம். வியாழக்கிழமை வேறு எதற்காகவோ அதே ஆண்டெனாவை மேசைமேல் கருவியோடு இணைத்திருந்தாள். கை சும்மா இருக்குமா? கேபிளை வருடினாள். திரையில் கோடு துள்ளியது. விட்டாள், பழைய இடத்துக்கு வந்தது. பிடித்தாள், மறுபடி துள்ளியது, அதுவும் பட்டையின் கீழ்ப்பகுதியில் மட்டும்.

கேபிளைத் தொட்டால் கோடு அசையக்கூடாது. அசைந்தால், சொந்த உலோகம் போதாத அந்தச் சின்ன ஆண்டெனா, கேபிளின் மேல்தோலையும் தன் உடம்பாக்கிக்கொண்டு அலை வீசுகிறது என்று அர்த்தம். இரவல் நகையோடு கல்யாணத்துக்கு வந்த கதைதான். ஹெல்மெட்டில் ஏது கேபிள்?

ஒரு டேக்கைப் பாட்டரியில் ஓடவிட்டு, கேபிள் இல்லாமல் அறைக்குள் வைத்து அளந்தாள். அளந்து முடியும்வரை கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். டேக் பேசுவதே பட்டையின் கீழ்ப்பகுதியில்தான். அங்கே முப்பதுதான் வந்தது; அந்த அலை வண்டிக்கு எட்டுமா என்பதே சந்தேகம்.

சுதர்சன் முதலில் நம்பவில்லை. பிறகு, திங்கட்கிழமைதானே தொழிற்சாலையில் டேக்கோடு சோதனை ஓட்டம், அதற்குள் சரிசெய்துவிடலாம், இப்போதே சொல்லி மானத்தை வாங்கவேண்டாம் என்றார். ஹம்சா அவர் மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வடிவமைத்ததும் அவள், அளந்ததும் அவள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவர் முன்னாலேயே தம்பியைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

ஓட்டத்தை நேற்றே ஆரம்பித்துவிட்டார்களாம். வேணுவின் குரலில் ஒரே சந்தோஷம்.

"ஹவ் அக்கா, ஆமா, எல்லாரும் டேக் மாட்டிட்டோம். பெரிய நிம்மதி. இப்போ ஹார்ன் அடிச்சாகூட யாரும் திரும்பிப் பாக்கறதில்ல."

அவனுக்குப் பின்னால் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் கேட்டது.

"நக்கோ டா வேணு, வேண்டாம். மொதல்ல நீ திரும்பிப் பாரு," என்றாள் ஹம்சா. "அந்த டேக்கை நம்பாதே. நான் தப்பா அளந்துட்டேன்."

சுதர்சன் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"வேணு, நான் சுதர்சன் பேசறேன். எல்லா வண்டியையும் உடனே நிறுத்தச் சொல்லுங்க."

வேணு யாரையோ கூவி அழைப்பது கேட்டது. பீப் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கும்வரை ஹம்சா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.