கல்லாற்றுத் தண்ணீர்

தாணுலிங்கம் அண்ணாச்சி இறந்துபோன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. கரமனையில் அவர் தெருவுக்குள் திரும்பினேன். அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் அவருடைய ஒரே மகள் சந்திரா. பல வருடம் கழித்து அப்பாவைப் பார்க்க வருகிறாள். அன்று காலையில்தான் நான் விதுராவுக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு வந்திருந்தேன். பந்தலைப் பார்த்ததும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அது வேற வீடுதானே?" என்று கேட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

சாலைக் கடைத்தெருவில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். இரும்புச் சாமான் மொத்தக் கடையில் அவர் கணக்கர். எதிர் மேசையில் நான். நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். கடையில் கண்ணாடியும் விற்போம். ஓரம் உடைந்து ஒதுக்கிய கண்ணாடிகளை வெட்டி ஒட்டி அவர் ஒரு தொட்டி செய்தார். எல்லாரும் மீன் விடப்போகிறார் என்று நினைத்தோம். மனுஷன் செடி வைத்தார்! மீன் எங்கே என்று கேட்டால், "மீனுக்குத் தீனி போடணும்வே. செடிக்குக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தாப் போதும். அதுதான் கஷ்டம்" என்பார்.

அந்தச் செடி கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவர் ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தது. தண்ணீருக்குள்ளேயே வளரும். தண்டு கிடையாது, நடுவிலிருந்து நாலாபுறமும் இலை விரியும். மேலே பச்சை, அடியில் காய்ந்த வெற்றிலைக் காவி நிறம். பார்க்க லட்சணம், குணம் படுமோசம். தண்ணீர் மாறினாலும் பிடிக்காது, இடம் மாறினாலும் பிடிக்காது. ஒருமுறை வெளிச்சத்துக்காகத் தொட்டிக்குள்ளேயே கொஞ்சம் தள்ளி நட்டார். அந்த வாரத்துக்குள் எல்லா இலையும் கரைந்து கூழாகிப் போச்சு. நான்கூட, "தூக்கிப் போடும் அண்ணாச்சி, நாறுது" என்றேன். "இலைதான் போயிருக்கு, வேரு இருக்கும்வே" என்று கூழை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். வெறும் மணல் கிடந்த தொட்டியைத் தினமும் துடைத்தார். கடைசியில் மணலைக் கீறிக்கொண்டு வந்த முளையை முதலில் பார்த்தது சந்திராதான். "அப்பா, வந்துட்டு!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் பக்கத்துத் தெருவிலிருந்து ஓடினேன். அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள்.

அந்தப் பெண்தான் பிறகு ஜோசப்பைக் கல்யாணம் செய்துகொண்டு விதுராவுக்குப் போனாள். ஜோசப்புக்கு அங்கே பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மருந்துக் கடை, மாடியில் வீடு. தாயில்லாப் பெண், வேறு மதத்துப் பையன், ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம். கடைத்தெருவே வாய் வலிக்கப் பேசியது. அண்ணாச்சி திட்டவில்லை, அழவும் இல்லை. "அவளா வருவா. நாம தொடப்பிடாது" என்றார். செடிக்குச் சரியாக இருந்த வைத்தியத்தை மகளுக்கும் பார்த்தார் மனுஷன். எனக்கு இன்னும் ஆறாத ஆத்திரம் அதுதான்.

கொஞ்ச நாளில் தண்ணீர்ப் பைத்தியம் ஆரம்பித்தது. கரமனைக் கிணற்றுத் தண்ணீர் செடிக்கு ஆகாதாம். பொன்முடி அடிவாரத்தில் ஓடும் கல்லாற்றுத் தண்ணீர்தான் வேண்டுமாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தகர டின்களை எடுத்துக்கொண்டு பொன்முடி பஸ்ஸில் ஏறிவிடுவார். வழியில்தான் விதுரா.

ஒருமுறை நானும் கூடப் போனேன். விதுராவில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். அவர் காலி டின்களை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார். கண்டக்டர், "சேட்டா, சாய வேண்டே?" என்று கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினார். எதிரே மருந்துக் கடை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். "இறங்கும் அண்ணாச்சி. உம்ம மகதானே? நாலு எட்டு நடந்தாப் போதும்."

"விடும்வே. தண்ணி எடுக்க நேரமாகுது" என்றார்.

திரும்பி வரும்போது டின்கள் நிறைந்திருந்தன. மறுபடி இழுத்தேன். "தண்ணி சூடாயிரும், செடி தாங்காது" என்றார். என்ன பிடிவாதம், அப்பப்பா!

இந்த வருடம் படுத்தார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. தொட்டியை நான் பார்த்துக்கொண்டேன். போன மாதம் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணி குறைஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை நான் கல்லாறு போயி எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

"வேண்டாம். கிணத்துத் தண்ணியே ஊத்தும்."

"செடி கரைஞ்சுராதா?"

"கரையாது. அது கொஞ்சம் கொஞ்சமாக் கிணத்துத் தண்ணிக்குப் பழகி எத்தனையோ காலமாச்சு."

"பின்னே மாசா மாசம் டின்னைத் தூக்கிட்டுப் போனது எதுக்கு?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "காலையில முத பஸ்ல போயி அவளைக் கூட்டிட்டு வாரேன்" என்றேன். நான் எழுந்து வாசல் வரை வந்தபின், "போகும்போது வலது பக்கமா உக்காரும். கடை அந்தப் பக்கம்தான் தெரியும்" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

மறுநாள் காலை மருந்துக் கடையில் சந்திரா நின்றிருந்தாள். நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜோசப் அவளை உடனே புறப்படச் சொல்லி, கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வருவதாகச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் நெடுமங்காடு தாண்டியதும் கேட்டாள்: "மாமா, அந்த ரெண்டு டின்னும் இன்னும் இருக்கா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பொன்முடி பஸ் வர்ற நேரமெல்லாம் கடை வாசல்ல வந்து நிப்பேன். அப்பா மடியில டின்னு தெரியும். என்னைப் பார்ப்பாங்க. நானும் பார்ப்பேன்."

"பார்த்துக்கிட்டே நின்னியா? நீ ஏறி ஒரு வார்த்தை பேசப்பிடாதா?"

"இந்தத் தடவை இறங்குவாங்க, இந்தத் தடவை இறங்குவாங்கன்னு நெனைச்சேன் மாமா."

அப்பனும் மகளும் ஒரே வார்ப்பு. கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இத்தனை வருடத்தில் அந்த நாலு எட்டை யாராவது ஒருவர் நடந்திருக்கலாம். நாங்கள் கரமனைக்கு வந்து சேர்ந்தபோது அவர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின் தொட்டி யாருக்கு என்ற பேச்சு வந்தது. சந்திரா கேட்டாள், கொடுத்தேன். விதுராவுக்குக் கொண்டுபோனால் இலையெல்லாம் கரைந்துவிடும், பயந்து தூக்கிப் போட்டுவிடாதே என்று சொன்னேன். "எனக்குத் தெரியாதா மாமா?" என்றாள்.

டின்களை நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு வந்த சொத்து அந்த இரண்டு தகர டின்களும், பஸ்ஸில் வலது பக்கம் உட்காரும் பழக்கமும்தான். நேற்று ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தூக்கிக்கொண்டு பொன்முடி பஸ்ஸில் ஏறினேன். கல்லாறு வரை போகவில்லை. விதுராவில் இறங்கிவிட்டேன்.