வங்காளி நின்ற வாசல்

கப்பலை விட்டு இறங்கிச் மலாய் நாட்டுச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த புதிதில், "வாசல்ல வங்காளி நிக்கிறாரு" என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சொன்னது என் காதில் பங்காளி என்றே விழுந்தது. நம் வகையறா ஆள் காவலுக்கு இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்ட முட்டாள் நான். போய்ப் பார்த்தால் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு சீக்கியர். சீக்கியர்களை அங்கே வங்காளி என்றுதான் சொல்வார்கள்.

அந்த வருஷம் என் அண்ணன் ஈப்போ ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தார். பிழைப்பது கஷ்டம், உன்னைத்தான் கேட்கிறார் என்று மாட்டுவண்டிக்காரர் வந்து சொன்னார். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி எழுதித் தரும் துண்டுச் சீட்டு இல்லாமல் வாசல் கட்டையைத் தாண்ட முடியாது. மூன்று நாள் அவரிடம் கெஞ்சினேன். மரம் சீவ ஆளில்லை என்றார். நாலாம் நாள் ரப்பர்ப் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு நேரே வாசலுக்குப் போனேன்.

காவற்காரர் ஒரு வாளியில் பாலும் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து நான் சுமந்ததும் பால்தான், குடிக்க முடியாத பால்.

"இன்னிக்கு எங்க குரு உயிர் குடுத்த நாள், தங்கச்சி. குடி" என்று ஒரு குவளை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். ஈப்போவில் இருக்கும் அவர்கள் கோயிலுக்குப் போக அவரும் லீவு கேட்டாராம். கிடைக்கவில்லையாம்.

அந்தக் காலத்தில் லாகூரில் பாதுஷாவின் ஆட்கள் அந்தக் குருவைப் பிடித்து வைத்து, காய்ச்சிய இரும்புத் தட்டில் உட்கார வைத்தார்கள். தலையில் சுடுமணலைக் கொட்டினார்கள். பிறகு ஆற்றில் இறங்கியவர் கரையேறவே இல்லை. அந்த இடத்தில் மகன் ஒரு மேடை கட்டினார். வெகுகாலம் கழித்து ஒற்றைக்கண் ராஜா ஒருவர் அதைக் கோயிலாக்கினார். பாதி மலாயும் பாதி தமிழுமாக இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"எங்க அண்ணன் சாகக் கெடக்குது. கட்டையத் தூக்குங்கண்ணே."

"துண்டு இல்லே. போறது தாக் போலே லா, முடியாது."

"அன்னிக்கு உங்க குருவ அடைச்சு வச்ச எடத்துல, வாசல்ல யாருண்ணே நின்னா?"

அவர் குவளையை மறுபடி நிரப்பி நீட்டினார். பாதி தரையில் சிந்தியது. கட்டை கிடந்த இடத்திலேயே கிடந்தது. தாகம் தாங்காமல் அதையும் வாங்கிக் குடித்தேன். தித்திப்பாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் போய்விட்ட சேதி வந்தது. கிராணி உடனே துண்டு எழுதித் தந்தார். அதை மடித்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். காவற்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டு எங்கே என்று கேட்கவே இல்லை.