வெளியடுப்பில் நின்ற எங்கள் அக்கா

எங்கள் அக்காவின் தலைத்திவசத்தன்றே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய நினைவு மலர் இது. யுத்தத்தால் வந்த காகிதத் தட்டுப்பாட்டில் அச்சகத்திலேயே காத்துக் கிடந்து, பங்குனித் திருவிழாவும் முடிந்த பிறகு, இடையில் நடந்தவற்றையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாமதத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கா கீரமங்கலத்தில் பிறந்தார். பெற்றோருக்கு நாங்கள் இரண்டு பெண்கள். என்னை நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பும்படி அப்பாவிடம் வாதாடி வென்றவர் அவர்தாம். குன்றாண்டார்கோவில் பக்கம் வாழ்க்கைப்பட்டார். நாங்கள் கொடுத்த சீரில் அம்மனுக்குப் பொங்கல் வைக்க ஒரு வெண்கலப் பானையும் இருந்தது.

அத்தான் வீட்டில் வேட்டைப் பழக்கம் உண்டு. கடலைக் கொல்லையைக் கிளறும் காட்டுப்பன்றியை அடித்து வந்தால், அந்தக் கறி வீட்டுக்குள் ஏறாது. கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு, தனிச் சட்டி. அந்தச் சட்டியைத் தொட்ட பெண் குளித்து முடிக்கும்வரை வீட்டுப்படி ஏறக்கூடாது. அந்த வருஷம் அம்மனுக்குப் பொங்கலும் வைக்கக்கூடாது. அதனால் வீட்டுப் பெண்கள் வருஷத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்வார்கள்.

அக்காவின் முறை வந்தபோது அவர் புதுப்பெண். கறியை அடுப்பில் ஏற்றிய பிறகுதான் புளியை எடுத்து வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. உள்ளே போக முடியாது. எல்லோரும் கடலைக் கொல்லைக்குப் போயிருந்தார்கள். கூப்பிட்டுக் கேட்க ஆளில்லை. கைக்கு எட்டியவை இவைதாம்: வேலியோரத்துக் களாக்காய், மரத்தில் தொங்கிய மாங்காய், உதிர்ந்து கிடந்த விளாம்பழம். மூன்றையும் போட்டார். பன்றியின் முடை நாற்றம் போய், கொழுப்பு வாயில் கரைந்ததாம். சாப்பிட்டவர்கள் விரலைச் சூப்பினார்கள். அக்கா பன்றிக் கறி சாப்பிடுவதில்லை. வாசனையை வைத்தே பக்குவம் பார்த்தார்.

"இனிமே இந்தச் சட்டிக்கு வேற கை வேணாம்" என்றார் அவருடைய மாமியார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்றோடு முறை வைப்பது நின்றது. சமஸ்தானத்து அதிகாரிகள் வேட்டைக்கு வந்தாலும், அறந்தாங்கியிலிருந்து சம்பந்திகள் வந்தாலும் அக்காவே வெளியடுப்பில். தாய்வீடு வர நாள் குறித்தால் அன்று பன்றி விழும். ஒவ்வொரு பங்குனியிலும் மற்றப் பெண்கள் பானை தூக்கிக் கோயிலுக்குப் போக, அக்கா வாசல் தெளித்துவிட்டு நிற்பார். வெண்கலப் பானை பரணில் கவிழ்ந்தே இருந்தது.

பயிற்சி விடுப்பில் நான் அங்கே போயிருந்த ஒரு நாள், சட்டியைக் கிண்டிக்கொண்டே கேட்டார்.

"ஏண்டி, இந்தக் கறியைக் கெடுக்கணும்னா என்ன செய்யலாம்? ஒரு தடவ கெட்டுட்டா வேற ஆளைப் பாப்பாகல்ல?"

"உப்பை அள்ளிப் போடுங்க."

"தண்ணி ஊத்திச் சரி பண்ணுன்னுவாக."

"அடி புடிக்க விடுங்க."

"பன்னி வெரட்டுன ஆளுக பட்டினி கெடப்பாகடி. பாவம்."

"புளிப்பக் கூட்டுங்க."

"கருப்பட்டி தட்டிப் போட்டாச் சரியாப்போகும்." சற்று யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "கசந்தா? கசப்பை எடுக்க முடியாதுல்ல?"

வேலிக்கு அப்பால் நாரத்தை மரம் காய்த்துத் தொங்கியது. தோலும் வெள்ளைச் சதையுமாக நறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு சட்டியில் கொட்டினார். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

வெளியே போட்ட பந்தியில் முதலில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வேட்டைக்கு வந்திருந்த ஓர் அதிகாரி இரண்டாவது கவளத்தை மெதுவாக மென்றார். மூன்றாவதை வேகமாக மென்றார். "என்னம்மா போட்டீங்க? கொழுப்பே திகட்டலையே! அடுத்த வேட்டைக்கும் இந்தக் கறிதான் வேணும்" என்றார். மாமியார் பெருமையோடு கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அக்காவின் கை என் கையிலிருந்து நழுவியது. "கதவத் தொறக்கப் போனேன், தாப்பாளாப் போச்சு" என்றார். அதன்பின் கறியைக் கெடுக்கும் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நாரத்தை போட்டே ஆக்கினார்.

அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது நான் உடனிருந்தேன். செய்யக்கூடியவற்றையெல்லாம் வரிசையாகச் செய்தேன். போதவில்லை. கடைசியில் அத்தானை அருகே அழைத்தார். கொழுந்தனார் மனைவியைக் காட்டி, "தங்கச்சியை வெளியடுப்புக்கு விட்டுறாதீங்க. அந்தச் சட்டிய இனிமே நீங்க பாத்துக்கங்க" என்றார். அத்தான் தலையசைத்தார்.

திவசம் முடிந்து, பன்றி விழுந்த நாளில் அத்தான் தாமே வெளியடுப்பின் முன் உட்கார்ந்தார். மாமியார் பதறினார்.

"ஆம்பள அடுப்பூதுறதா? ஊரு சிரிக்குமேய்யா!"

"சிரிக்கட்டும் ஆத்தா. பன்னியச் சுடுறது நானு, திங்கிறது நாங்க. ஆக்குறதுக்கு மட்டும் பொம்பளைகளா?"

பக்குவத்தை அத்தானுக்கு நான் சொன்னேன். பந்திக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்டார்கள். இந்த மலரில் எழுதும்படியும் கேட்டார்கள். அளவையும் பதத்தையும் எழுதவில்லை. எந்த வீட்டிலும் ஒரு பெண்ணின் தலையில் அது விழ வேண்டாம். ஆண்கள் யாருக்கேனும் வேண்டுமானால் அத்தானிடம் கேட்டுக்கொள்ளலாம். அவருடைய முதல் சட்டி அடிபிடித்தது. இரண்டாவது பச்சையாக இருந்தது. அவற்றைக் குறை சொல்லாமல் உண்டவர்களுக்கு எங்கள் முதல் நன்றி.

காய்ச்சலின்போது வண்டி கட்டி மருந்து கொண்டுவந்தவர்களுக்கும், காரியத்தன்று கிடைத்த அரிசியைப் பகிர்ந்து அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், தூரத்திலிருந்து நடந்தே வந்த கீரமங்கலத்து உறவினர்களுக்கும் நன்றி. இவற்றையெல்லாம் மறைக்காமல் எழுதச் சொன்ன அக்காவின் மாமியாருக்குத் தனி நன்றி. "எழுது தாயி. அந்தச் சட்டிக்கு வேற கை வேணாம்னு நாந்தான் சொன்னேன்னும் எழுது" என்றார்.

தாமதத்தால் விளைந்த நன்மை இதுதான். இந்தப் பங்குனியில் அக்காவின் வெண்கலப் பானையைப் பரணிலிருந்து மாமியாரே இறக்கி, சின்ன மருமகளிடம் கொடுத்தார். கோயில் வாசலில் பொங்கல் பொங்கியது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் புளியும் சாம்பலும் எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். மாமியார் பானையை வாங்கி, முதன்முதலாகக் கறுத்திருந்த அடியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இருக்கட்டும். இந்தக் கரியத் தேய்க்க வேணாம்" என்றார்.