அம்மை கண்டு விட்டுப்போன குழந்தை

என் சித்தியிடம் எதையும் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் திரும்பி வரும்போது சிவப்பாக வரும். முப்பத்திரண்டு வருஷமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'ஒற்று'. க், ச், த், ப் எங்கே விடுபட்டிருந்தாலும் அவளுக்குக் கை அரிக்கும். மருந்துச் சீட்டு, பேருந்தின் முதுகு, பொதுக் கழிப்பறைச் சுவர் என்றெல்லாம் அவள் பேதம் பார்ப்பதில்லை. ஒருமுறை அந்தச் சுவரில் யாரோ எழுதியிருந்த கெட்ட வார்த்தையையே திருத்திவிட்டு வந்தாள். "திட்டுறதா இருந்தாலும் ஒழுங்கா திட்டணும்ல?" என்று என்னிடம் நியாயம் வேறு.

சித்தப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் எழுதிய முதல் காதல் கடிதத்தில் ஒன்பது பிழைகளை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினாளாம் இவள். மனிதர் அசரவில்லை. இரண்டாவது கடிதத்தைப் பிழையே இல்லாமல் எழுதினார், கல்யாணம் நடந்தது. அதை வேறு யாரிடமோ கொடுத்து எழுதி வாங்கியிருப்பார் என்பது என் சந்தேகம். கேட்டால் லாரிக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவார்.

சித்திக்கு நேர் மூத்தவள் என் அம்மா. அம்மாவுக்கு எழுத்துப்பிழை பற்றியெல்லாம் கவலை கிடையாது, அவள் திருத்துவது மனிதர்களை. அதற்கு அவளிடம் ஓர் ஆயுதம் உண்டு. பழுப்பேறிய ஒரு துண்டுத் தாள். கிழிந்துவிடும் என்று பயந்து பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடேற்றி ஒட்டி வைத்திருக்கிறாள். ஒட்டும்போது ஒரு கொசுவும் உள்ளே மாட்டிக்கொண்டது. எங்கள் குடும்ப வரலாறு என்று சொல்வதற்கு இருப்பது அந்தத் தாளும் அந்தக் கொசுவும்தான்.

அம்மாவுக்கும் சித்திக்கும் பூட்டி, அதாவது அவர்களுடைய பாட்டியின் அம்மா, வெள்ளைக்காரன் காலத்தில் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். பெரியவளாகி வெளியே வந்தபோது இல்லத்தில் கொடுத்த சான்றுத் தாள் அது. அதில் இரண்டே வரிகள். 'தாய்: தெரியாது. விவரம்: அம்மை கண்டு விட்டுப்போன பெண் குழந்தை.'

அந்தக் காலத்தில் அம்மாவை அம்மை என்றுதானே எழுதுவார்கள்? ஆகவே எங்கள் வீட்டில் அந்த வரிக்கு ஒரே அர்த்தம்தான். பெற்றவள் குழந்தையின் முகத்தைக் கண்டாள், பிடிக்கவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டாள். பூட்டிக்கு மூக்கு கொஞ்சம் அகலம் என்பதால் இந்தக் கதைக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. அதே மூக்குதான் எனக்கும். சின்ன வயதில் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் யாராவது என்னை எங்கேயாவது விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்திருக்கிறேன்.

பயந்திருக்கவே வேண்டாம். எங்கள் வீட்டுப் பெண்கள் பிள்ளையை விடுகிற ஜாதியா? பிள்ளைதான் மூச்சுவிட வழி தேட வேண்டும். பத்தாம் வகுப்பு வரைக்கும் என் அம்மா என்னைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டபிறகு மணி அடிக்கும்வரை எதிர்க் கடையில் நின்றுகொண்டிருப்பாள். கல்லூரிச் சுற்றுலாவுக்கு நான் போன பேருந்தில் கடைசி இருக்கையில் தலையில் துணி போர்த்திக்கொண்டு ஓர் உருவம் வந்தது. பாதி வழியில் தும்மியபோதுதான் அது அம்மா என்று தெரிந்தது.

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. சித்திக்கு முப்பது வயதானபோது வேறு ஊரிலிருந்த பெரிய நாளிதழ் ஒன்றில் தலைமைப் பிழைதிருத்துநர் வேலை தேடி வந்தது. முதல் ஆறு மாதம் தனியாகப் போய் இருக்க வேண்டும். அவள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. சித்தப்பா போ என்றார். அம்மா அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சித்தி போகவில்லை. ஆனால் இன்றும் தினமும் அந்த நாளிதழைக் காசு கொடுத்து வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பிழைகளை வட்டமிட்டுவிட்டுத்தான் குளிக்கப் போகிறாள். "நான் இருந்திருந்தா இது வந்திருக்குமா?" என்பாள்.

அந்த இரண்டு வயது மகள், என் தங்கை, இப்போது பாலங்களின் பலத்தைச் சோதிக்கிற இன்ஜினியர். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. போன வருஷம், குழந்தைக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, அவளுக்குக் கடல் தாண்டிப் பத்து மாதப் பயிற்சி கிடைத்தது. குழந்தையைச் சித்தியிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. சேதி தெரிந்த அன்றே அம்மா தாளோடு வந்துவிட்டாள்.

"நம்ம வம்சத்துல பிள்ளைய விட்டுட்டுப் போனவ ஒருத்திதான். அவ பேரு கூட யாருக்கும் தெரியாது. ரெண்டாவதா நீ போறியா?"

"பெரியம்மா, பத்தே மாசம்."

"அவளும் அப்படித்தான் சொல்லிட்டுப் போயிருப்பா. நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க!"

தங்கையின் கணவன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில்தான் இருக்கிறான். அவன் விட்டுப்போவதைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி கிடையாது. இதை நான் சொன்னதற்கு அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, வீடு அமைதியாக இருந்தது. ஆனால் தங்கைக்கு முகம் விழுந்துவிட்டது. வரவில்லை என்று எழுதிவிடப் போகிறேன் என்றாள். பதில் சொல்ல இன்னும் இருபது நாள் இருந்தது.

அந்த வாரம் அச்சகத்துக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. சித்தி அடிமட்டத்தை ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் நகர்த்தி நகர்த்திப் படித்துக்கொண்டு வந்தாள். 'அம்மை கண்ட குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது.' அடிமட்டம் அங்கேயே நின்றுவிட்டது. எனக்குப் போன் செய்தாள்.

"அடியே, அந்தத் தாள்ல முதல் வரி என்ன?"

"தாய், தெரியாது."

"ரெண்டாவது வரி?"

"அம்மை கண்டு..."

"ஒரே தாள்ல ஒருத்தன் மேல தாய்னும் கீழ அம்மைன்னும் எழுதுவானா? எழுதினா அவன் கைய உடைக்கணும். அது அம்மா இல்லடி. நோய்! அம்மை கண்டுச்சுன்னு இப்பவும் சொல்றோமே. இத்தனை வருஷமா எங்கடி வச்சிருந்தேன் என் கண்ண?"

தங்கைக்கு விஷயத்தைச் சொன்னோம். அவள் உடனே தன் கைபேசியில் 'பெரியம்மா' என்றிருந்த என் அம்மாவின் பெயரைப் 'பெரியம்மை' என்று மாற்றினாள். சித்தி அதை மட்டும் பிழை என்று சொல்லவில்லை.

ஆனாலும் அம்மாவிடம் ஊகத்தைக் கொண்டுபோனால் செல்லாது. மறுநாள் சித்தியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நகராட்சி ஆவண அறைக்குப் போனேன். இல்லத்தை மூடியபோது பழைய பதிவேடுகளை அங்கேதான் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வாசலில் இருந்த எழுத்தர் எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மனு, அடையாள அட்டை, மேலதிகாரி கையெழுத்து, அவர் லீவு, என்றார். சித்தி அவர் தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தாள். 'அனுமதியின்றி உள்ளே வர கூடாது.' பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்தது. நான் கையைப் பிடிப்பதற்குள் நாற்காலியில் ஏறி ஒரு 'க்' போட்டுவிட்டாள்.

தொலைந்தோம் என்று நினைத்தேன். எழுத்தர் பலகையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மேசை இழுப்பறையைத் திறந்தார். போலீஸுக்குப் போன் பண்ணப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எடுத்தது தன் பதவி உயர்வுக்காக எழுதி வைத்திருந்த விண்ணப்பம்.

"இதையும் கொஞ்சம் பாத்துக் குடுத்துடுங்களேன் மேடம். ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க."

பதினேழு பிழை. அரை மணி நேரத்தில் கதவு திறந்தது, விசிறியும் டீயும் வந்தன.

இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடு மூன்றாவது அலமாரியில் இருந்தது. பூட்டியின் வரி, தாளில் இருந்த அதே வரி, நாற்பத்தோராம் பக்கத்தில். அதே பக்கத்தில் இன்னும் ஆறு குழந்தைகள். ஆறு பேருக்கும் ஒரே காரணம்தான், 'அம்மை கண்டு தாய் தகப்பன் இறப்பு.' அந்த வருஷம் ஊரையே பெரியம்மை வாரிக்கொண்டு போயிருக்கிறது. நான் சித்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை, நோய் வந்து செத்திருக்கிறாள், அவ்வளவுதான். அம்மாவின் தாளை இனிமேல் கொசு அடிக்கத்தான் பயன்படுத்த வேண்டும்.

"வா சித்தி, போகலாம். ஜெயிச்சாச்சு."

சித்தி நகரவில்லை. அடிமட்டம் அந்த வரிக்குக் கீழேயே இருந்தது.

"மத்த ஆறு பேருக்கும் இறப்புன்னு எழுதினவன், இவளுக்கு மட்டும் ஏன் 'விட்டுப்போன'ன்னு எழுதினான்?"

"ஐயோ, எழுதிட்டான். கை வலிச்சிருக்கும். விடு."

விடுவாளா? மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும் போனோம். நான்காம் நாள் எழுத்தரே தூசி படிந்த ஒரு சின்ன நோட்டைத் தேடி எடுத்து வந்தார். அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய் அம்மைத் தடுப்பூசி குத்துகிறவர் வைத்திருந்த குறிப்பேடு. இல்லத்துக் குழந்தைகளுக்கும் அவர்தான் குத்தியிருக்கிறார். பூட்டியைச் சேர்த்த தேதியோடு ஒரு குறிப்பு பொருந்தியது. சித்தி சத்தமாகப் படித்தாள். புரூஃப் படிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல்.

'காலையில் இல்லத்து வாசலில் ஒரு பெண். தையல்காரி. கணவன் சென்ற வாரம் அம்மையில் இறந்தான். தன் உடலிலும் அம்மை கண்டு, பெண் குழந்தையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு நாளாகக் கையால் தொடவில்லை என்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கூடையை வைத்துவிட்டுச் சாலைக்கு அப்பால் போய் நின்றாள். குழந்தைக்குக் குத்தி முடிக்கும்வரை நின்றாள். பிறகு அம்மை கண்டவர்களை ஒதுக்கி வைக்கும் கொட்டகைக்குத் தானே நடந்து போனாள். பதினோராம் நாள் இறந்தாள்.'

பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

"சித்தி, அம்மாகிட்ட முதல் பதிவேட்டை மட்டும் காட்டுவோம். நோய் வந்து செத்தா, முடிஞ்சது கதை. இதைக் காட்டினா, பாத்தியா, விட்டுட்டுத்தானே போயிருக்கான்னு ஆரம்பிச்சிடுவா. தங்கச்சி போக முடியாமப் போயிடும்."

"பிழை திருத்துறவகிட்ட வந்து பிழைய விட்டுடுன்னு சொல்றியா?"

"உன் பொண்ணு வாழ்க்கை சித்தி!"

"தெரியும்டி." அடிமட்டத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "எனக்குத் தெரியாதா? ஆனா அவ நடந்து போயிருக்கா. அதை வெட்டி எறிய எனக்கு மனசு வரலை."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி வீட்டில் எல்லோரும் இருந்தோம். அம்மா வழக்கம்போலக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் திரும்பும்வரை இறக்க மாட்டாள், இடுப்பு வலிக்கிறது என்று ராத்திரி என்னிடம்தான் தைலம் கேட்பாள். சித்தி முதலில் சேர்க்கைப் பதிவேட்டின் நகலைப் படித்தாள். அம்மாவின் முகம் சுருங்கியது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சித்தி குறிப்பேட்டின் நகலை எடுத்து, ஒரு சொல் விடாமல் படித்தாள். அச்சகத்துக் குரலில்தான் ஆரம்பித்தாள், 'தானே நடந்து போனாள்' என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது.

அம்மா என்ன சொல்லப்போகிறாளோ என்று தங்கை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"குழந்தை தூங்கிக்கிட்டிருந்துச்சுன்னா போட்டிருக்கு?" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப முழிச்சுப் பாக்குறப்ப அவ இல்ல."

"இல்லக்கா."

"பாவி மக! எழுப்பி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"எழுப்பினா அழும். அழுதா தூக்கணும்கா," என்றாள் சித்தி. "அவ தூக்கக் கூடாதே."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். எங்கள் அகல மூக்குக்கு அது கொஞ்சம் பெரிய சத்தமாகத்தான் வரும், ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை. பிறகு எழுந்து தங்கையிடம் போய், இடுப்பிலிருந்த குழந்தையை அவள் கையில் கொடுத்தாள்.

"உனக்கு ஒரு நோயும் இல்லல்ல?" என்று அதட்டினாள். "போறன்னைக்கு இவ தூங்குறப்ப நைசா நழுவிடலாம்னு மட்டும் நினைக்காத, காலை உடைப்பேன். முழிச்சிருக்கும்போது தூக்கி வச்சுக்கிட்டுச் சொல்லணும். போறேன்னு சொல்லாத. போயிட்டு வரேன்னு சொல்லு."