கேட்டில் ஒட்டிய சுவரொட்டி

காலை பத்து இருபதுக்கு, ஒரகடம் தொழிற்சாலையில் வேலையில் இருந்த என் மகள் மயங்கி விழுந்தாள். டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் தொழிற்சாலையின் சேஃப்டி ஆபீசர். நரைத்த மீசை, கனத்த ஷூ. காத்திருந்தபோதும், சுவரில் சுருண்டிருந்த நோட்டீஸ்களை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"காய்ச்சல் யாருக்குமே தெரியலையா சார்?" என்றேன்.

போனில் ஓர் உலகப்போர்க் காலச் சுவரொட்டியைக் காட்டினார். காய்ச்சலில் கிடக்கும் சிப்பாய். பின்னால் சிரிக்கும் எதிரி.

"இதப் பாத்துதான் நம்ம கேட்டுல ஒண்ணு ஒட்டினேம்மா. இந்த சிப்பாய் மூஞ்சி தெரியுதா? தெரியாது. பாக்கறவன் தன்னையே நெனச்சுக்குவான். எதிரி சிரிக்கிறதப் பாத்தா, படுத்ததே துரோகம்னு வெக்கமாயிடும். ஆனா காய்ச்சல் வந்தா எங்க போவணும்? அது மட்டும் எழுதல. நானும் எழுதல."

"அதுக்கும் என் பொண்ணுக்கும் என்ன சார்?"

"கேட்டுல சூடு பாப்போம், காய்ச்சல்னா உள்ள விடமாட்டோம். அதுக்கு முன்னாடியே பொண்ணுங்க சூடு தெரியாம இருக்க மாத்திரை முழுங்கிட்டு வருதுங்க. உங்க பொண்ணு மூணு நாளா முழுங்கிகினு இருந்திருக்கு."

அவர் மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஏன் சொன்னார் என்று இன்றும் புரியவில்லை. கோபப்படவும் முடியவில்லை.

மாலையில் நர்ஸ் வந்தார்.

"ரத்தத்துல தட்டணு ஏறுதும்மா, பயப்படாதீங்க. உங்க பொண்ணு கண்ணு முழிச்சதும், நாளைக்கு ஷிஃப்ட்டுக்கு உள்ள விடுவாங்களான்னு கேக்குது."